திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டவரும் பாலிஷ் மெஷின் வாங்கியவளும்

1

திருமண நாளுக்கு என்ன வேண்டும் என்று என் கணவர் கேட்டார். கார் பாலிஷ் போடுகிற மெஷின் வேண்டும் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஊருக்குப் போகப் போற நேரத்துல மெஷின் எதுக்கு செல்வி?" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னது திண்டுக்கல்லை. அது என் ஊர், அவருடையது இல்லை. என் கணவர் பாஸ்கரன் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்தவர். நான்தான் கழுத்தை நீட்டிவிட்டு இங்கே விமானம் ஏறி வந்தவள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜார்ஜ் டவுனை ஒட்டி ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் இருக்கிறோம். எங்கள் ஒரே மகள் யாழினி கோலாலம்பூரில் படிக்கிறாள்.

அவர் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுநாளே சொல்லிவிட்டார்: இனி திண்டுக்கல்தான். அங்கே ஒரு வீடு வாங்கலாம், காலையில் நடக்கப் போகலாம், சிறுமலைக் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கல்யாணமானதிலிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய்வந்த மாப்பிள்ளை அவர். போகும்போதெல்லாம் என் தம்பி ரயிலடிக்கு வந்து பெட்டியைத் தூக்குவான். மதியம் பிரியாணி, மாலையில் கொடைக்கானல். அவர் பார்த்ததெல்லாம் விருந்தாளிக்குக் காட்டிய திண்டுக்கல்.

ஊரில் உள்ளவர்கள் என்னிடம் எப்போதும் கேட்பது, "எப்போ ஒரேயடியா இங்கயே வருவ?" என்பதைத்தான். இத்தனை வருஷமும் "பாப்போம்" என்று சமாளித்துவிட்டேன். இப்போது அதே கேள்வியை என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் கேட்கிறார், "பாப்போம்" இனிமேல் செல்லாது. பினாங்கு மேல் அப்படியொன்றும் காதல் இல்லை எனக்கு. போகவும் பிடிக்கவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மகள் போன பிறகு வீட்டில் ஒரு நாற்காலியில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கீழே நிற்கிற கார்களைப் பார்ப்பேன், துணியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிவிடுவேன்.

எங்கள் காரைத் துடைக்க ஆரம்பித்துத்தான் இது தொற்றிக்கொண்டது. இங்கே வெயிலும் மழையும் ஒரே மதியத்தில் வரும். பறவை எச்சம் ஒரு நாள் காய்ந்தால் பெயிண்டில் வட்டமாகத் தழும்பு விழும். அதை எப்படி எடுப்பது என்று வீடியோ பார்த்தேன். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. பக்கத்து வீட்டுச் சீன அம்மா தன் காரையும் துடைத்துத் தரச் சொன்னார். துடைத்துக் கொடுத்தேன். கையால் எவ்வளவு தேய்த்தாலும் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அவை போக மெஷின் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

2

கடை ஜார்ஜ் டவுனில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். நசீர் என்று பெயர். என் கணவரைப் பார்த்து, "அண்ணனுக்கு எந்தக் காடி?" என்றார். இங்கே பழைய ஆட்கள் காரைக் காடி என்பார்கள். வந்த புதிதில் மாட்டு வண்டியைத்தான் சொல்கிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு.

"எனக்கு இல்ல, அவங்களுக்கு" என்று என்னைக் காட்டினார்.

"அப்ப வீட்டுக்கு யூஸ் பண்ண சின்னதா ஒண்ணு இருக்கு லா" என்றார் நசீர், இங்கே எந்தப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

"வீட்டுக்கு இல்லண்ணே, தொழிலுக்கு" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தொழில் என்ற சொல்லை அதுவரை வீட்டில் நான் சொன்னதில்லை. எனக்கே அது அங்கே வாயில் வந்ததுதான்.

நசீர் இரண்டு மெஷின்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ரோட்டரி: ஒரே அச்சில் கிறுகிறுவென்று சுற்றுவது. கீறல் சீக்கிரம் போகும். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் சூடு ஏறிப் பெயிண்ட் வெந்துவிடும். மற்றது ஆர்பிட்டல்: சுற்றிக்கொண்டே ஆடும். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், புதுக் கைக்கு ஆபத்துக் குறைவு.

"ரோட்டரி எடு. வேல சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் என் கணவர்.

"சீக்கிரம் பெயிண்டும் போயிரும்" என்றேன்.

நசீர் சிரித்தார். "அக்கா சொல்றது சரிதான் அண்ணே. ரோட்டரி பழகுன கைக்குத்தான். மொத மெஷினா வாங்கிட்டுப் போயி, போனெட்ட வேக வச்சிட்டு எங்கிட்ட வந்து அழுத ஆளுங்க இருக்காங்க."

ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தேன். கீழே வைத்துப் பிடித்தால் எல்லாமே லேசாகத்தான் இருக்கும். கார் கதவுக்குப் பிடிப்பது மாதிரி கையை முன்னால் நீட்டிப் பிடித்தால்தான் கனம் தெரியும். பெரிய வட்டத்தில் ஆடுகிற ஒன்றை எடுத்தேன், மணிக்கட்டு நடுங்கியது. "அது வேணாங்க்கா. இங்க ஓடுறது பூரா சின்னக் காடி, எங்க பாத்தாலும் வளைவும் மடிப்பும். பெருசா ஆடுறது மடிப்புல நின்னு போயிரும். எட்டு மில்லிமீட்டர் ஆடுறது போதும்" என்று இன்னொன்றைக் கொடுத்தார். பேட்டரி மெஷினும் இருந்தது. கரண்ட் இருக்கிற இடத்தில்தான் செய்யப்போகிறேன் என்பதால் வயர் உள்ளதையே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மற்ற சாமான்கள். பெரிய பெட்டியில் இருபது புட்டிகள் அடுக்கிய செட் ஒன்று பளபளவென்று நின்றது. அதில் பாதி ஒருநாளும் திறக்கப்படாது என்று நசீரே சொன்னார். இரண்டு வாளி, சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று. துணியிலிருந்து உதிரும் மண் மறுபடி துணியில் ஏறாமல் இருக்க வாளி அடியில் போடும் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் துணிகள், பெயிண்டுக்கும் சக்கரத்துக்கும் வேறுவேறு நிறத்தில். ஒட்டிய தூசியை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி. கீறல் எடுக்கும் காம்பவுண்ட் ஒன்று, மெருகுக்கு ஒன்று, மேலே பூசும் மெழுகு ஒன்று. மெஷின் முனையில் மாட்டும் பஞ்சு வட்டம், அதாவது பேட், மட்டும் நிறைய வேண்டும் என்றார். ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்க நினைத்தால் அழுக்கு அதிலேயே தங்கிப் புதுக் கீறல் போடும்.

கடைசியில் கார் கழுவும் ஷாம்பு. சிறிய புட்டியும் இருந்தது, பெரிய கேனும் இருந்தது.

"கேன் எடுத்தா ஒரு வருஷத்துக்குக் கவல இல்ல" என்றார் நசீர்.

நான் கேனை எடுத்தேன்.

என் கணவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காரில் ஏறின பிறகு, பாலிஷ் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டார். "ஒரு வருஷத்துக்கா?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

3

அடுக்குமாடியில் மெஷின் ஓட்ட முடியாது. கார் நிறுத்துமிடத்தில் கரண்ட் கிடையாது, குழாயும் கிடையாது. என் கணவரின் அக்கா வாசுகி தீவிலிருந்து கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் தனி வீட்டில் இருக்கிறார். வாசல் கூரைக்கடியில் ஒரு கார் நிற்கும். கேட்டதும் சரி என்றார். கடைப் பதிவையும் தன் பெயரிலேயே செய்துகொண்டார், ஏனென்றால் அவர் இந்நாட்டுக் குடிமகள். எனக்கு இருப்பது மனைவிக்கான பாஸ், அதாவது தங்குவதற்கான அனுமதி. வேலை செய்யலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த வரி வருவதற்கே எத்தனையோ வருஷம் ஆனது. நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போட்டது இன்னும் வரிசையில் இருக்கிறது.

வாசலில் தொங்கவிட அட்டையில் மலாயில் எழுதினேன்: "கோசோக் கெரெத்தா". கெரெத்தா என்றால் கார், தேய்ப்பது என்றால் கோசோக் என்று எனக்குத் தெரியும். அதைப் படித்து என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத பாத்துட்டு ஆளுங்க சட்ட பேன்ட்ட மூட்ட கட்டி எடுத்துட்டு வருவாங்க. அயர்ன் பண்றதுக்கும் கோசோக்தான். 'கிலாப்'னு போடு லா, பளபளன்னு பண்றது அதுதான்." இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படித்தான். சந்தையில் பேசும் மலாய் வரும். பலகையில் எழுதும் மலாய் வராது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த மாதத்தில் அந்த ஒருமுறைதான்.

ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார் போனெட்டை வாங்கி வந்து வாசலில் போட்டார். "இதுல பழகு" என்றார். கறுப்பு போனெட், ஒரு மூலை நசுங்கியிருந்தது. நான் வேண்டும் என்று கேட்டதில்லை. போகிறவர் எதற்கு இதைச் செய்கிறார் என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதில் பழகினேன். வெயில் பட்ட தகரத்தில் காம்பவுண்ட் நொடியில் காய்ந்து புழுதியானது. நிழலில் குளிர வைத்துத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. விளிம்பில் பேட்டைச் சாய்த்துப் பிடித்தேன். பெயிண்ட் போய் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஆர்பிட்டல் என்றாலும் விளிம்பு விளிம்புதான். அதன் பிறகு எல்லா ஓரத்திலும் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொட்டதில்லை.

கை கொஞ்சம் பழகியதும் எங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "நல்லா பண்ணு. எப்படியும் விக்கத்தான போறோம்."

இரண்டு நாள் எடுத்தது. கழுவி, களிமண் கட்டியால் உருவி, கட்டம் கட்டமாகக் கீறல் எடுத்து, மெருகேற்றி, மெழுகு பூசினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது யாழினியைப் பள்ளிக்கு ஏற்றிப்போன கார் அதுதானா என்று இருந்தது. கதவில் வாசுகி அக்கா வீட்டுச் செம்பருத்தி தெளிவாகத் தெரிந்தது. கார் பார்க்க வந்த மலாய்க்காரர் ஒரு சுற்று சுற்றி வந்தார், விலையைக் குறைத்துக் கேட்கவே இல்லை. என் கணவர் முகம் மலர்ந்து போனது. "பாத்தியா, உன் கை ராசி" என்றார்.

வாங்கியவர் காரைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு வாசலில் ஈரம் மட்டும் கிடந்தது. நான் வாளியை எடுத்து அலசத் தொடங்கினேன். ஏற்கெனவே அலசின வாளி.

4

அவர் போனார். "போயி வீடு பாக்குறேன். ரெண்டு மாசம். உன் பாஸ் புதுப்பிக்கிற தேதிக்கு வந்து கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டுத் திரும்பிருவேன். நீ இங்கத்த வேலைய முடிச்சிட்டு வா" என்றார். முடிக்க வேண்டிய வேலை எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் என் பையில் வைத்திருந்த முறுக்கைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

கார் இல்லாததால் ஃபெர்ரியில் போய்வந்தேன். மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி அக்கரையில் பட்டர்வொர்த் போவேன், அங்கிருந்து பஸ். மற்றவர்கள் ஃபோனில் மூழ்கியிருப்பார்கள். நான் மட்டும் கம்பி ஓரத்துக்கும் இருக்கைக்கும் நடந்துகொண்டிருப்பேன். கை வேலை செய்யும்போது மட்டும் மனம் ஒரு இடத்தில் நின்றது. மெஷினை அணைத்தால் மறுபடி அலைய ஆரம்பித்துவிடும்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசுகி அக்கா கோயிலில் சொன்னார், பக்கத்து வீட்டு ஆசிரியை பள்ளியில் சொன்னார். சனி ஞாயிறு இரண்டும் நிறைந்தன.

யாழினிக்கு இது பிடிக்கவில்லை. வீடியோவில் பேசும்போது என் நகக் கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டாள். "அம்மா, வை யூ மஸ்ட் வாஷ் அதர் பீப்பிள்ஸ் கார்? மை ஃபிரெண்ட்ஸ் ஆஸ்க், நான் என்ன சொல்றது?"

"உங்க அம்மா தொழில் பண்றாங்கன்னு சொல்லு."

பிறகு அவளுடைய தமிழில் கேட்டாள். "அப்பா அங்க. நீங்க இங்க. தீபாவளிக்கு நான் எந்த வீட்டுக்கு வரணும்?"

அவளை மலாய் வழித் தேசியப் பள்ளியில் சேர்த்தோம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் எழுதும் இந்தக் குறிப்புகளை அவள் கையில் கொடுத்தாலும் எழுத்துகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. "ஜெலுத்தோங்குக்கு வா" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவருக்கும் சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று வாய் மூடிக்கொண்டேன்.

5

அவர் தினமும் காலையில் கூப்பிடுவார். முதல் இரண்டு வாரம் திண்டுக்கல்லின் புகழ்தான். பூக்கடை, பூட்டுக்கடை, வெயில் ஏறுவதற்கு முன்னால் நடை. மூன்றாவது வாரத்திலிருந்து குரல் மாறியது.

"ஆட்டோக்காரன் என்னைப் பாத்து 'சிலோனா சார்'னு கேக்குறான் செல்வி. இல்லப்பா மலேசியான்னேன். அப்பறம் கேட்டானே ஒரு காசு!"

இன்னொரு நாள்: "கடையில பசியாற என்ன இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. காலையில சாப்பிடுறதத்தான்யா கேக்குறேன்னு விளக்க வேண்டியதாப் போச்சு."

வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கிறார் என்று முறைப்படி தெரிவித்ததில் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். "எத்தனை நாள் தங்குவீங்க சார்?" இதைச் சொல்லும்போது என் கணவரின் குரலில் ஒரு திகைப்பு. அந்தக் கேள்வியை இங்கே ஒவ்வொரு அலுவலகக் கவுண்டரிலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் பக்கத்தில் நின்றிருக்கிறார், ஆனால் அவரை யாரும் கேட்டதில்லை.

"வந்துருங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் கட்டாயப்படுத்தியதாகிவிடும். அவர் ஆசைப்பட்டுப் போனவர். என் இருபது வயதில் என்னை அவர் "வா" என்று சொல்லிக் கூட்டிவந்தது போல், அவரை நான் கூப்பிட வேண்டாம் என்று நினைத்தேன். அது நியாயமா, வெறும் வீம்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆறாவது வாரம், ஒரு வீடு அமைந்துவிட்டது என்றார். மாடியில் இரண்டு அறை, பின்னால் முருங்கை மரம். முன்பணம் கேட்கிறார்கள். "என்ன சொல்ற?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"நீ சொல்லு."

"எனக்கு இன்னிக்கு ரெண்டு கார் இருக்குங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அன்று வந்த முதல் காரில் ஒரே கதவை மூன்று முறை தேய்த்தேன்.

6

எங்கள் கதையில் ஒரு கோணல் உண்டு. மனைவிக்கான பாஸைப் புதுப்பிக்கக் கணவர் நேரில் வர வேண்டும். இங்கே பிறந்தவர் திண்டுக்கல்லில் குடியேறிவிட்டால், திண்டுக்கல்லில் பிறந்த நான் இங்கே இருக்க வழியில்லை. மெஷினும், ஷாம்பு கேனும், சனிக்கிழமை ஆட்களும் எல்லாமே அவருடைய கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். ஒரு சின்னப் பை மட்டும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது; திரும்பப் போகிறவர்தான் இவ்வளவு குறைவாகக் கொண்டுவருவார். அந்த ஒரு வாரமும் வீட்டைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை என்னோடு ஃபெர்ரியில் வந்தார். வாளிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மதியம் வாசுகி அக்கா வைத்த மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

குடிநுழைவு அலுவலகத்தில் காலையிலேயே கூட்டம். எண் வரும் வரை நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். "உக்காரு லா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இளம் பெண் அதிகாரி. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். என் கணவரின் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். இந்தியாவில் இரண்டு மாதம் இருந்திருக்கிறாரே என்றாள். பிறகு மலாயில் கேட்டாள், இருவரும் இன்னும் ஒன்றாகத்தான் குடியிருக்கிறீர்களா, இங்கேதானா என்று.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒன்றாகத்தான். ஜெலுத்தோங்கில்" என்றார் மலாயில். பிறகு என்னைக் காட்டி, "இவள் இங்கே கார் பாலிஷ் தொழில் செய்கிறாள். நன்றாகச் செய்வாள். உங்கள் காரைக் கொண்டுவாருங்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

வெளியே படியில் இறங்கும்போது அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பாஸுக்காகச் சொன்னீங்களா, நெசமாச் சொன்னீங்களா?"

"கவர்மெண்டு கவுண்டர்ல பொய் சொன்னா புடிச்சு உள்ள வச்சிருவான்."

"விளையாடாதீங்க. அந்த வீடு?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"பிளேன் ஏறுறதுக்கு மொத நாளு. பெரிய பெட்டி உன் தம்பிகிட்ட இருக்கு, அவன் அனுப்புவான்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். "வந்து ஒரு வாரம் ஆச்சே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "நீ கேக்கவே இல்லியே செல்வி. நான் கெளம்புறப்பவும் கேக்கல, வந்த பொறவும் கேக்கல. போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. நீ சொல்லுவன்னு ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள், கையில் தங்கள் எண்ணோடு.

"இருங்க" என்றேன்.

"சரி" என்றார், டீ குடிக்கக் கூப்பிட்டால் சொல்வது போல.